கணக்கு முடக்கம் என்றால் என்ன? பயங்கரவாத நிதித்தடை பற்றி ஓர் எளிய விளக்கம்

கல்முனையில் வெளிநாட்டுக் காசு எடுத்துக் கொடுக்கும் கவுண்டர் ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தேன். ஒரு நாள் மருதமுனையிலிருந்து ஒரு ராத்தா வந்தார். கணவர் கட்டாரில் சாரதி. மாதாமாதம் வரும் காசுதான். அவர் தந்த இலக்கத்தைத் தட்டினேன். தொகை வர வேண்டிய இடத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்து நின்றது. அனுப்பியவரின் பெயர் ஏதோ ஒரு தடைப் பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறது என்பதுதான் அதன் அர்த்தம்.

அடையாள அட்டையைப் பொலித்தீன் உறையோடு கையில் பிடித்தபடி வாங்கில் இருந்தார். பாதி மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கேட்டார்: "தம்பி, என்ட மனிசன் வெயிலுக்க நிண்டு உழைச்ச சல்லி. அதப் பறிச்சிட்டாங்களா?"

அன்றைக்கு அவருக்கு ஒழுங்காக விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் "அமெரிக்கா தடை போட்டிருக்கு" என்றார். இன்னொருவர் "மத்திய வங்கி காசை எடுத்துப்போட்டுது" என்றார். மூன்றாமவர் "சிஐடி விசாரணை வரும், பாருங்க" என்றார். மூன்றும் மூன்று வெவ்வேறு விடயங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் 30 வருட யுத்தம், 2004 சுனாமிக் காசு, 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு, ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதுவில் நடந்த மோதலும் குண்டுவெடிப்பும் என்று எல்லாவற்றையும் கண்டவர்கள் நாங்கள். "தடை", "முடக்கம்", "பறிமுதல்" என்ற சொற்கள் எங்கள் வாயில் ஒன்றாகக் கலந்து கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கலக்கம் சனத்தைப் பயமுறுத்துகிறது. அதைப் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

மதகும் வக்கடையும்

வயலில் இருந்து தொடங்குவோம். பல வயல்கள் சேர்ந்த ஒரு கண்டத்துக்குத் தண்ணீர் விடுவதை வட்டவிதானை பார்த்துக்கொள்கிறார். அந்தக் கண்டத்தில் ஒருவர் பெரிய பிழை செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வட்டவிதானைக்கு இரண்டு வழி இருக்கிறது. வாய்க்கால் மதகையே மூடிவிடலாம். அப்போது பிழை செய்தவரோடு சேர்ந்து அத்தனை பேரின் வேளாண்மையும் காயும். அல்லது அந்த ஒருவரின் வக்கடையை, அதாவது அவர் வயலுக்குள் தண்ணீர் பாயும் வாயை, மட்டும் அடைக்கலாம்.

மதகை மூடுவது போன்றதுதான் ஒரு நாட்டின் மேல் போடும் பொருளாதாரத் தடை. 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை அப்படித்தான் செய்தது. சதாம் ஹுசைனின் மாளிகைக்குள் ஒன்றும் குறையவில்லை. மருந்தில்லாமல் தவித்தது சாதாரண ஈராக்கியர்கள். அந்தப் பழி உலகம் முழுக்கப் பேசப்பட்ட பிறகுதான் வக்கடையை மட்டும் அடைக்கும் முறைக்கு மதிப்பு வந்தது. அதற்குப் பெயர் இலக்கிட்ட நிதித்தடை: ஒரு நாட்டை விட்டுவிட்டு, பெயர் குறிப்பிட்ட ஆட்களையும் அமைப்புகளையும் மட்டும் பணத்திலிருந்து துண்டிப்பது.

இன்னொன்றும் கவனியுங்கள். வக்கடை அடைபட்டாலும் வயல் அவருடையதுதான். காணி உறுதி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வயல்காரர் இரவோடிரவாக வரம்பை வெட்டித் தன் தண்ணீரை அங்கே விட்டால், வட்டவிதானை அவரையும் பிடிப்பார். தடைச் சட்டங்களில் "ஆதரவாளர்" என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்: பட்டியலில் உள்ளவருக்குப் பணமோ, பொருளோ, சேவையோ கொடுத்து உதவுபவர்.

முடக்கம் வேறு, பறிமுதல் வேறு, தடை வேறு

முடக்கம் என்றால் பணம் அசையக்கூடாது என்பது. எடுக்க முடியாது, மாற்ற முடியாது, விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது. உரிமை மட்டும் மாறுவதில்லை. கணக்குக்கு வட்டி சேரலாம், வெளியிலிருந்து வரவேண்டிய பணமும் வந்து விழலாம். ஆனால் விழுந்ததும் அதுவும் முடங்கிவிடும்.

பறிமுதல் என்றால் உரிமையே கைமாறி அரசுக்குப் போவது. அது வேறு சட்டம், வேறு வழி. வழக்கமாக நீதிமன்றம் இல்லாமல் நடக்காது.

அமைப்பொன்றைத் தடைசெய்வது மூன்றாவது விடயம். அந்த அமைப்பில் உறுப்பினராக இருப்பதும், அதற்காகக் கூட்டம் கூட்டுவதும் குற்றமாகிறது. தடைசெய்யப்பட்ட அமைப்பின் பணமும் பெரும்பாலும் முடங்கும் என்பதால் இரண்டும் ஒன்றென்று தோன்றும். சட்டத்தில் அவை தனித்தனி.

ஆக, அந்த ராத்தாவின் கேள்விக்குப் பதில் "இல்லை" என்பது. யாரும் பறிக்கவில்லை. சொல்லப்போனால் முடக்கவும் இல்லை. வெறுமனே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏன் என்று பார்க்க, பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

பட்டியலை எழுதுவது யார்?

ஒரு பட்டியல் அல்ல, பல பட்டியல்கள் இருக்கின்றன. பெரும் குழப்பம் இங்கேதான்.

முதலாவது, ஐ.நா. பட்டியல். 1999 அக்டோபரில் பாதுகாப்புச் சபை 1267ஆம் இலக்கத் தீர்மானத்தை எடுத்தது. அப்போது ஒசாமா பின்லேடனுக்கு இடம் கொடுத்த தாலிபானை நோக்கியதாக அது இருந்தது. பிறகு அல்கைதா சேர்ந்தது. 2011இல் தாலிபானுக்குத் தனிப் பட்டியல் பிரிந்தது. 2015இல் ஐஎஸ் அமைப்பின் பெயரும் தலைப்பில் ஏறியது. இந்தப் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் எல்லா உறுப்பு நாடுகளும் முடக்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது, நாட்டுக்கு நாடு வேறுபடும் பட்டியல். 2001 செப்டெம்பர் 28ஆம் திகதி, நியூயோர்க் தாக்குதல் நடந்து மூன்று கிழமைக்குள், 1373ஆம் இலக்கத் தீர்மானம் வந்தது. அதில் பெயரே இல்லை. "பயங்கரவாதத்துக்குப் பணம் போவதை ஒவ்வொரு நாடும் தடுக்க வேண்டும், அப்படிப்பட்டவர்களின் பணத்தைத் தாமதமின்றி முடக்க வேண்டும்" என்றது. யாரை என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கும்.

இங்கே எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுதலைப் புலிகளை "ஐ.நா. தடை செய்தது" என்று பலர் சொல்வார்கள். 1267 பட்டியலில் புலிகள் இருந்ததே இல்லை. அவர்களைப் பட்டியலிட்டது தனித்தனி நாடுகள்: இந்தியா 1992இல், அமெரிக்கா 1997இல், பிரித்தானியா 2001இல், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இல். அதனால்தான் ஒரு நாட்டில் குற்றமாக இருந்தது இன்னொரு நாட்டில் வேறு மாதிரிப் பார்க்கப்பட்டது.

இலங்கையில் இதற்கு அடித்தளம் 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டம். அதன் கீழ் 2012இல் இரண்டு ஒழுங்குவிதிகள் வந்தன. ஒன்று 1373க்கு, மற்றது 1267க்கு. 1373இன் கீழ் வரும் உள்ளூர்ப் பட்டியலுக்குப் பொறுப்பான அதிகாரி பாதுகாப்பு அமைச்சின் செயலாளர். பெயர்கள் வர்த்தமானியில் வெளிவரும். வங்கிகள் அதைப் பின்பற்றுகின்றனவா என்று பார்ப்பது மத்திய வங்கியில் இருக்கும் நிதியியல் உளவறிதல் பிரிவு.

சுருக்கினால்: ஐ.நா. பட்டியல் எல்லா நாட்டுக்கும் பொது. 1373 பட்டியல் அந்தந்த நாட்டுடையது. இலங்கையில் இரண்டும் நடைமுறையில் உள்ளன.

அமெரிக்கப் பட்டியல் அக்கரைப்பற்றில் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்கச் சட்டம் அக்கரைப்பற்றில் செல்லாது. ஆனால் டொலர் செல்லும். விடயம் அங்கேதான் இருக்கிறது.

2001 செப்டெம்பர் 23ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் 13224 இலக்க நிறைவேற்று ஆணையில் ஒப்பமிட்டார். வெளிநாட்டுப் பயங்கரவாதிகளின் சொத்தை மட்டுமல்ல, அவர்களுக்குப் பணத்தாலும் பொருளாலும் சேவையாலும் துணை நிற்பவர்களின் சொத்தையும் முடக்கும் அதிகாரத்தை அது கொடுத்தது. பட்டியலை நடத்துவது அமெரிக்கத் திறைசேரியின் ஓர் அலுவலகம். பட்டியலில் உள்ளவருக்குப் பாதியோ அதற்கு மேலோ பங்கு இருக்கும் கம்பனியும், அதன் பெயர் தனியாக எழுதப்படாவிட்டாலும், முடங்கியதாகவே கணக்கு.

இப்போது தோஹாவிலிருந்து கொழும்புக்குப் பணம் டொலரில் வருகிறது என்று வையுங்கள். அங்குள்ள வங்கியும் இங்குள்ள வங்கியும் நேரடியாகக் கை மாற்றுவதில்லை. இரண்டுக்கும் நியூயோர்க்கில் ஒரு வங்கியில் கணக்கு இருக்கும். பணம் அந்தப் புத்தகத்தில்தான் இடம் மாறும். அந்த நடு வங்கி அமெரிக்கச் சட்டத்துக்குள் இருப்பது. பட்டியலில் உள்ள பெயரைக் கண்டால் அது நிறுத்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் பெருந்தொகைத் தண்டம். அந்தப் பயத்தில் தோஹா வங்கியும் கொழும்பு வங்கியும் தாங்களே முன்கூட்டிப் பெயரைச் சோதிக்கின்றன. காசு தரும் கவுண்டருக்கு வந்து சேர்வதற்குள் ஒரே பெயர் மூன்று நான்கு இடத்தில் அரிக்கப்படுகிறது.

2007 நவம்பரில் இந்தப் பலத்தை நாங்கள் கிட்ட நின்று பார்த்தோம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் நிவாரண வேலை செய்த தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தை, புலிகளுக்கு நிதி திரட்டும் முகப்பு என்று சொல்லி அமெரிக்கத் திறைசேரி 13224இன் கீழ்ப் பட்டியலிட்டது. அதன் பிறகு அமெரிக்காவிலிருந்து அந்தப் பெயருக்கு ஒரு டொலர்கூட அனுப்ப முடியாது.

"உதவி" என்பது எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கும் எங்களைத் தொட்ட ஒரு வழக்கு இருக்கிறது. புலிகளுக்குச் சுனாமி நிவாரணத்தை எப்படிக் கேட்டுப் பெறுவது, சமாதானப் பேச்சை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்க விரும்பிய அமெரிக்கர்கள் சிலர், அது குற்றமாகுமா என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். 2010இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், பட்டியலிட்ட அமைப்போடு சேர்ந்து செய்யும் அப்படிப்பட்ட பயிற்சியும் குற்றமான உதவியே என்று தீர்த்தது. அது குற்றவியல் சட்டத்தின் வழக்கு, நிதித்தடை வழக்கு அல்ல. ஆனாலும் நிவாரண நிறுவனங்கள் ஏன் இந்தப் பட்டியல்களைக் கண்டு இவ்வளவு அஞ்சுகின்றன என்பது அதிலிருந்து விளங்கும். இந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் மட்டக்களப்பு நாவலடிக் கரைதான் என் கண்ணில் வருகிறது. 2005இல் அங்கே கூடாரத்துக்குள் இருந்தவர்களுக்கு, கொடுப்பவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பது கேள்வியாகவே இருக்கவில்லை.

பெயர் ஏறினால் என்ன நடக்கும்?

விசாரணை முடிந்து தீர்ப்பு வந்து பெயர் ஏறுவதில்லை. நியாயமான காரணம் இருக்கிறது என்று அதிகாரி நம்பினால் போதும். இது தண்டனை இல்லை, முன்தடுப்பு என்பதுதான் அரசுகள் சொல்லும் நியாயம். சம்பந்தப்பட்டவருக்கு முதலில் அறிவிப்பதும் இல்லை. அறிவித்தால் ஒரு பட்டனைத் தட்டிப் பணத்தை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடலாம். அதனால்தான் "தாமதமின்றி" என்பதை மணித்தியாலக் கணக்கில் பார்க்கிறார்கள்.

கடமை வங்கிக்கு மட்டும் அல்ல. காணி விற்பவர், நகைக்கடைக்காரர், நொத்தாரிசு என எல்லோரையும் அது கட்டுப்படுத்தும்.

ஆனால் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் சாகவிடுவதும் நோக்கம் இல்லை. 2002 டிசம்பரில் வந்த 1452ஆம் தீர்மானப்படி உணவு, வாடகை, மருந்து, வரி, மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் போன்ற அடிப்படைச் செலவுக்கு அனுமதி கேட்டு முடக்கிய பணத்திலிருந்தே எடுக்கலாம். 2022 டிசம்பரில் வந்த 2664ஆம் தீர்மானம், ஐ.நா. தடைகள் மனிதாபிமான உதவியை மறிக்கக்கூடாது என்று விலக்குக் கொடுத்தது. இது வருவதற்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

பட்டியலிலிருந்து இறங்கும் வழி

வழக்கில்லாமல் ஏற்றும் பட்டியலுக்கு இறங்கும் படியும் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஐ.நா. பட்டியலுக்கு அந்தப் படி சரியாக இல்லை. யாசின் காதி என்ற சவூதி வணிகர் 2001 அக்டோபரில் பட்டியலிடப்பட்டார். அவர் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனார். தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்றுகூடச் சொல்லாமல் ஒருவரின் சொத்தை முடக்க முடியாது என்று 2008 செப்டெம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது. அதற்கு அடுத்த வருடம் பாதுகாப்புச் சபை 1904ஆம் தீர்மானத்தின் மூலம் ஒரு குறைகேள் அதிகாரியை ஏற்படுத்தியது. இப்போது 1267 பட்டியலில் உள்ளவர் நேரே அவருக்கு விண்ணப்பிக்கலாம். காதியின் பெயர் 2012இல் எடுக்கப்பட்டது.

இலங்கைப் பட்டியலின் கதையை எங்கள் வீடுகளில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2014 மார்ச்சில் 16 அமைப்புகளையும் 424 பேரையும் வர்த்தமானியில் போட்டார்கள். பெரும்பாலும் புலம்பெயர் தமிழர்கள். ஆட்சி மாறிய பின் 2015இல் எட்டு அமைப்புகள் எடுக்கப்பட்டன. மறுபடி ஆட்சி மாற, 2021இல் பல பெயர்கள் திரும்ப ஏறின. 2022 ஓகஸ்டில் ஆறு அமைப்புகளும் 316 பேரும் நீக்கப்பட்டார்கள். அந்த ஏழெட்டு வருடத்தில் அந்த ஆட்கள் மாறியிருக்க முடியாது, மாறியது கொழும்பு. கனடாவில் இருக்கும் அண்ணன் பட்டியலில் என்றால், களுவாஞ்சிக்குடியில் இருக்கும் தங்கச்சி அவரிடம் காசு வாங்குவதே சட்டச் சிக்கலாகிறது. பயங்கரவாதத்துக்குப் போகும் காசை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகளை நினைத்தால் யாருக்கும் இருக்காது. அதனாலேயே பட்டியல் காற்றுக்கு ஆடக்கூடாது என்று சொல்கிறேன்.

கவுண்டரில் நிற்கும் உங்களுக்கு

உங்கள் காசு நின்றால், மூன்றில் எது என்று பிரித்துப் பாருங்கள்.

பெரும்பாலும் நடப்பது பெயர்ப்பொருத்தம். கணினி பட்டியலோடு பெயரை ஒப்பிட்டு, கிட்டத்தட்ட ஒத்தாலே நிறுத்திவிடும். முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? ஒருவர் ஓ போடுவார், ஒருவர் யூ போடுவார். ஒற்றை எம், இரட்டை எம். கடைசியில் ஈ, ஏ. குமாரசாமி சீயிலும் தொடங்கலாம், கேயிலும் தொடங்கலாம். போதாததற்கு எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, வாப்பாவின் பெயரோ அப்பாவின் பெயரோதான் முன்னால் நிற்கும். கணினிக்கு எது ஆளின் பெயர், எது தகப்பன் பெயர் என்று தெரியாது. ஒரு மனிதர் உட்கார்ந்து பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த ஊர் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு "இவர் அவர் இல்லை" என்று விடுவிக்கும்வரை காசு நிற்கும்.

இரண்டாவது, சந்தேக அறிக்கை. பெயரில் ஒன்றுமில்லை, ஆனால் பணத்தின் போக்கு வழமைக்கு மாறாக இருக்கிறது என்று வங்கி நினைத்தால், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். அறிவித்ததை உங்களிடம் சொல்வது வங்கி ஊழியருக்குக் குற்றம். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது திமிரால் அல்ல. அதிகாரிகள் அந்தக் கொடுக்கல் வாங்கலைச் சில நாட்கள் நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க மேல் நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையான பட்டியல் முடக்கம். அது வர்த்தமானியிலோ ஐ.நா. பட்டியலிலோ எழுத்தில் இருக்கும், யாரும் பார்க்கலாம்.

வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு அனுப்பும் உண்டியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரைவு, கூடுதல் விலை, கடதாசி இல்லை என்பதால் பலர் அதில்தான் அனுப்புகிறார்கள். தோஹாவில் உங்கள் கணவர் ஒருவரிடம் றியால் கொடுப்பார். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கணக்கில் ரூபா போடுவார். அந்த ரூபா யாருடையது? உங்களுக்கும் தெரியாது, உங்கள் கணவருக்கும் தெரியாது. நாளைக்கு அந்தப் போட்டவர் பிடிபட்டால், அவருடைய பட்டியலில் உங்கள் கணக்கிலக்கமும் இருக்கும். அதைவிட ஆபத்து, "கொஞ்ச நாளைக்கு உன்ட புத்தகத்தைத் தா மச்சான்" என்று கேட்பவருக்குக் கணக்கை இரவல் கொடுப்பது. தயவுசெய்து கொடுக்காதீர்கள், கேட்பவர் சொந்த மச்சானே ஆனாலும்.

ராத்தாவின் காசு அன்று பின்னேரம் மூன்று மணிக்கு விடுபட்டது. பெயர் ஒத்ததே தவிர, பட்டியலில் இருந்தவருக்கு அவருடைய கணவரைவிட இருபது வயது கூட. அடுத்த மாதமும் அதே பெயர், அதே வரி, அதே வாங்கு. அப்போதுதான் அவரை வைத்துக்கொண்டே கட்டாருக்குப் போன் போட்டோம். "அனுப்பும்போது பாஸ்போட் நம்பரையும் பிறந்த திகதியையும் போமில முழுசா எழுதுங்க. பேரையும் பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே எழுதுங்க" என்று சொன்னேன். மூன்றாம் மாதம் பத்து நிமிடத்தில் காசை எண்ணி வாங்கிக்கொண்டு, மகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று பஸார்ப் பக்கம் போனார்.